லூனபேர்க் வெளியிலே ஒரு வண்டிக் கதவு

ஜேர்மனி என்றவுடன் எம்மவரின் மனக்கண்முன் தோன்றுவன ஆலைப் புகைபோக்கிகளும், அகன்ற நெடுஞ்சாலைகளும், மணிக்கூடு தவறாத இரயில் வண்டிகளுமே. அந்நாட்டின் வடபகுதியிலே, ஹனோவர் நகருக்கும் ஹம்பேர்க் நகருக்கும் இடையில், கண்ணுக்கெட்டிய தூரம் ஊதா நிறம் விரித்த ஒரு வெளி உண்டென்பதை அறிந்தோர் சிலரே. அதனை லூனபேர்க் வெளி என்பர். ஓகஸ்ட் மாத நடுப்பகுதியிலிருந்து செப்ரெம்பர் முற்பகுதி வரை, முழங்கால் உயரமும் வளராத ஹெதர் என்னும் குறுஞ்செடி அங்கு பூத்துக் குலுங்கும். அக்காலத்தில் ஜேர்மனியின் பல திசைகளிலுமிருந்து மக்கள் குடும்பங் குடும்பமாக அங்கே திரள்வர். சென்ற ஆவணியில் நாமும் அவர்களுள் ஒருவராய்ச் சென்று வந்தோம்.

நாம் சென்றது இரயிலிலும் அன்று, பஸ்ஸிலும் அன்று. உண்ணவும் உறங்கவும் வசதி செய்யப்பட்ட பழைய வான் ஒன்றிலே சென்றோம். அவ்வானின் பக்கக் கதவு எமக்குக் கற்பித்த பாடம் வெளியின் அழகுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆதலின் இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகின்றோம்.

ஹம் நகரிலிருந்து

எம் பெரியம்மாவின் மகனாகிய அண்ணர், மேற்கு ஜேர்மனியின் ஹம் நகரிலே நெடுங்காலமாய் வாழ்பவர். ஹம் நகர் எம்மவருக்குப் புதிய பெயரன்று. அதன் ஊன்றொப் பகுதியிலே, தொழிற்சாலைகளுக்கு நடுவில், ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் எழுந்து நிற்கின்றது. 2002 ஆம் ஆண்டிலே குடமுழுக்குக் கண்ட இக்கோயிலின் இராசகோபுரம் 17 மீற்றர் உயரமானது. தேர்த் திருவிழாக் காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் அடியார்கள் பல்லாயிரவராய் இங்கு வந்து கூடுவர். அண்மையில் ஓடும் கப்பற் கால்வாயே தீர்த்தமாகும். நாம் சென்ற வேளை திருவிழா முடிந்து வீதி அமைதியாயிருந்தது. அம்பாளை வணங்கிப் புறப்பட்டோம்.

அண்ணரின் வான் 1974 ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்ற வொல்க்ஸ்வாகன். எஞ்சின் பின்புறத்தில் இருக்கும். நீரால் அன்றிக் காற்றால் குளிரும் வகையைச் சேர்ந்தது. உள்ளே மடித்தால் இருக்கையாகவும் விரித்தால் கட்டிலாகவும் அமையும் ஆசனமும், சிறு அடுப்பும், நீர்த்தொட்டியும் உண்டு. கூரையை மேலே தூக்கினால் மற்றொரு படுக்கையும் கிடைக்கும். பிள்ளைகள் சிறுவராயிருந்த காலத்தில் அவர் அதனை வாங்கினார். விடுமுறைதோறும் குடும்பம் அதிலேயே ஊர் சுற்றியது. மகள் நீந்தப் பழகியதும், மகன் முதன்முதல் மலை கண்டதும், பெரியம்மா இலங்கையிலிருந்து வந்து கடுங்குளிரில் முதன்முதல் தேநீர் காய்ச்சியதும் அவ்வானின் அருகிலேயே.

இம்முறை பயணத்திற்கு அண்ணர், பெரியம்மா, பல்கலைக்கழகத்தில் பயிலும் மகள், நாம் இருவர் ஆக ஐவர் புறப்பட்டோம். அண்ணியாருக்கு வேலையில் விடுமுறை கிடைக்கவில்லை. புறப்படும் வேளையில்தான், "இதுவே கடைசிப் பயணம். வந்ததும் விற்றுவிடப் போகின்றேன்" என்று அண்ணர் சொன்னார்.

காரணம் பக்கக் கதவு. நெடுக்கே தள்ளித் திறக்கும் அக்கதவு சில காலமாய்ச் சரிவர மூடுவதில்லை. பின்புறக் கீழ்மூலை தாழ்ந்து உடலில் உராய்ந்தது. முன்புற மேல்மூலையில் விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. தோளால் முட்டுக் கொடுத்துத் தூக்கி அறைந்தாலன்றிப் பூட்டு விழாது. வேகமாய்ச் சென்றால் காற்று சீழ்க்கையடிக்கும். மழை பெய்தால் தலையணை நனையும். இவை பொறுத்துக்கொள்ளக் கூடியவை. ஓடும்போது கதவு திறந்து கொண்டால் என் செய்வது என்ற அச்சமே அவரை வருத்திற்று. முன்னாசனங்கள் முன் சில்லுகளுக்கு மேலே உயரத்தில் அமைந்தவை. 82 வயதான பெரியம்மா அங்கு ஏற மாட்டார். பக்கக் கதவாலேயே ஏறி, அக்கதவின் அருகிலேயே அவர் அமர வேண்டும். ஒரு கராஜுக்காரர் பார்த்துவிட்டு, "கதவு நிலையே கோணிவிட்டது, இதற்குச் செலவழிப்பது வீண்" என்று சொல்லியனுப்பி விட்டாராம். இரண்டாண்டுக்கொருமுறை நடைபெறும் அரசாங்கச் சோதனையும் அடுத்த மாதம் வரவிருந்தது.

பெரியம்மா இதனைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நிலை பிழையோ, கதவு பிழையோ எண்டு முதலில பாக்க வேணும் தம்பி. எங்கட வீட்டு அறைக்கதவு மாரியில இறுகும், வெய்யில் வந்தா ஆடும். அதுக்காக ஆராவது நிலையைப் பிடுங்கினவையோ?"

அண்ணர் மறுமொழி கூறவில்லை. ஒரு நாடாவினால் கதவின் கைப்பிடியை உட்புறத்து ஆசனக் காலுடன் இறுகக் கட்டினார். பெரியம்மாவைக் கதவுக்கு எதிர்ப்புறமாய் நகர்த்தி அமர்த்தினார். புறப்பட்டோம்.

வண்டி பிறந்த வழி

இரண்டாம் இலக்க நெடுஞ்சாலை கிழக்கு நோக்கிச் செல்கின்றது. அவ்வழி இவ்வகை வண்டிகளின் பிறந்தகத்தினூடே செல்லும் வழி என்பதை அண்ணரின் மகள் எமக்கு விளக்கிக்கொண்டு வந்தாள்.

ஹம் நகரைக் கடந்து சிறிது தூரத்தில் வீடன்புறூக் என்னும் ஊர் வருகின்றது. 1844 ஆம் ஆண்டிலே இங்கு ஒரு கொல்லன் பட்டறையாய்த் தொடங்கி வளர்ந்த வெஸ்ற்பாலியா என்னும் தொழிலகமே, 1951 அளவில் வொல்க்ஸ்வாகன் வான்களுக்குள் கட்டிலும் அலுமாரியும் பொருத்தி வீடாக்கத் தொடங்கியது. அந்த வான் பிறந்த கதை அதற்கும் நான்கு ஆண்டுகள் முந்தியது. பென் பொன் என்னும் ஒல்லாந்து வணிகர் வொல்ப்ஸ்பேர்க் தொழிற்சாலைக்குச் சென்றிருந்தபோது, பாரம் ஏற்றுவதற்காகத் தொழிலாளர் தாமே பொருத்திக்கொண்ட ஒரு தட்டை வண்டியைக் கண்டார். 1947 ஏப்பிரல் 23 ஆம் நாள், தம் குறிப்புப் புத்தகத்தில், முன்னே சாரதி, நடுவே பாரம், பின்னே எஞ்சின் என ஒரு பெட்டியை நாலு கோடுகளில் வரைந்தார். 1950 மார்ச் மாதத்தில் அப்பெட்டி தொழிற்சாலையினின்றும் வெளிவரத் தொடங்கியது. 1956 இல் இதற்கெனவே ஹனோவரில் தனியான தொழிற்சாலை எழுந்தது.

ஆரம்பத்தில் இவ்வான்களின் பக்கத்தில் எம் வீட்டுக் கதவுகளைப் போன்ற இரட்டைக் கதவுகளே இருந்தன. பிணைச்சலில் ஆடி வெளியே விரியும் அக்கதவுகளை ஒடுங்கிய தெருக்களிலே திறப்பது கடினம். 1963 முதல், விரும்பிக் கேட்போருக்குத் தள்ளுகதவு பொருத்தப்பட்டது. 1967 இல் புதிய அமைப்பில் வான் வெளிவந்தபோது தள்ளுகதவே பொதுவழக்காகிவிட்டது. ஜேர்மனியில் அவ்வகை 1979 உடன் முடிவுற்றதாயினும், பிரேசில் நாட்டில் 2013 ஆம் ஆண்டு இறுதி வரை அது ஆக்கப்பட்டு வந்தது.

வழியில் வேசர் நதி இரு குன்றுகளைப் பிளந்துகொண்டு வெளியேறும் போர்ட்டா வெஸ்ற்பாலிகா என்னுமிடத்தைக் கண்டோம். குன்றின் மேல் முதலாம் வில்லியம் சக்கரவர்த்தியின் ஞாபகச் சின்னம் வானளாவி நிற்கின்றது. அது 1896 இல் கட்டப்பட்டது. அதனைத் தாண்டியதும் மலைகள் முடிந்து வட ஜேர்மனியின் சமவெளி தொடங்குகின்றது. காற்றும் தொடங்கிற்று. கதவின் சீழ்க்கை ஹனோவர் வரை எம்முடன் பேசிக்கொண்டே வந்தது.

ஊதா வெளி

ஹனோவரில் வடக்கே திரும்பி, மாலையில் உண்டலோ என்னும் சிற்றூரை அடைந்தோம். ஓக் மரங்களின் நிழலிலே செங்கல்லும் மரச்சட்டங்களும் கொண்டு கட்டிய வீடுகள். ஊரெங்கும் குதிரை வண்டிகள். அயலிலிருந்த வண்டித் தங்குமிடத்திலே எம் வானை நிறுத்தினோம். அவ்விரவு மழை பெய்தது. கதவின் மேல்மூலையாலே நீர் ஒழுகிற்று. பெரியம்மாவின் போர்வை நனைந்தது. அவர் அதனை எவருக்கும் சொல்லாமல், மடித்துக் காலடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தார் என்பதைக் காலையிலேதான் அறிந்தோம். அண்ணரின் முகம் வாடிவிட்டது.

எனினும் வானம் வெளுத்திருந்தது. வில்சேட என்னும் கிராமத்திற்குப் போகப் புறப்பட்டோம். உண்டலோவிலிருந்து அங்கே மோட்டார் வண்டியில் செல்ல முடியாது. நடந்தோ, சைக்கிளிலோ, குதிரை வண்டியிலோதான் போகலாம். பெரியம்மாவுக்காகக் குதிரை வண்டி அமர்த்தினோம். இரண்டு பெருங்குதிரைகள் மணற்பாதையிலே மெல்ல நடந்தன. காட்டைக் கடந்ததும் திடீரெனத் திரை விலகினாற்போல வெளி விரிந்தது. அடிவானம் வரை ஊதா நிறம். அதன் நடுவே காவல் நிற்பவர் போல ஒடுங்கி உயர்ந்த ஜூனிப்பர் மரங்கள். வெண்ணிறத் தோல் கொண்ட பேர்ச் மரங்கள் அங்குமிங்கும். தேனீக்களின் இரைச்சல் ஓயாத ஆறு போலக் கேட்டுக்கொண்டிருந்தது. தேனீ வளர்ப்போர் கூடுகளைக் கொண்டுவந்து இங்கு வைப்பர். செந்நிறமும் கூழ் போன்ற தடிப்புமுள்ள அவ்வெளித் தேன் அந்நாட்டிலே பெரிதும் விரும்பப்படுவது.

இவ்வெளி இயற்கை தானே அமைத்ததன்று என்பது வியப்புக்குரியது. பண்டைக் காலத்தில் இங்கு காடுகள் இருந்தன. மனிதர் மரங்களை வெட்டினர், ஆடுகளை மேய்த்தனர், மண் மெலிந்தது, வேறெதுவும் வளராத அம்மண்ணிலே ஹெதர் செடி குடிகொண்டது. இன்றும் ஹைட்ஷ்னூக்க எனப்படும் சாம்பல் நிறமும் வளைந்த கொம்புமுடைய ஆட்டினத்தை மந்தை மந்தையாய் இங்கு மேய விடுகின்றனர். அவை முளைவிடும் மரக்கன்றுகளைக் கடித்துவிடுகின்றன. ஆடுகள் இல்லையாயின் சில பத்தாண்டுகளில் வெளி மீண்டும் காடாகிவிடும்.

மனிதர் இல்லையாயினும் அது அழிந்திருக்கும். 1906 அளவில் தோட்டன்குறுண்ட் என்னும் அழகிய பள்ளத்தாக்கிலே விடுமுறை வீடுகள் கட்ட முயற்சி நடந்தது. எகெஸ்டோர்ப் கிராமத்தின் போதகராயிருந்த வில்லியம் போட என்பார், பிறர் உதவி பெற்று அந்நிலத்தை விலைக்கு வாங்கி அதனைத் தடுத்தார். 1921 இல் இப்பகுதி இயற்கைப் பாதுகாப்புப் பிரதேசமாய்ப் பிரகடனம் செய்யப்பட்டது. ஜேர்மனியின் மிகப் பழைய பாதுகாப்புப் பிரதேசங்களுள் இதுவும் ஒன்று.

வில்சேடவின் அருகே வில்சேடர் குன்று உளது. 169 மீற்றரே உயரமுடையதாயினும் லூனபேர்க் வெளியில் அதுவே உச்சி. கணித மேதையாகிய கவுஸ் என்பார், 1820 களில் ஹனோவர் இராச்சியத்தை அளந்தபோது இக்குன்றையும் தம் அளவைப் புள்ளிகளுள் ஒன்றாகக் கொண்டார். தூரத்திலிருக்கும் இரண்டு புள்ளிகளைப் பார்த்துக் கோணம் அளந்து, முக்கோணத்தோடு முக்கோணம் சேர்த்து நாடு முழுவதையும் அளந்துவிட்டார். ஒரு பக்கத்தைக் கண்டு முடிவுசெய்யாமல் எதிர்மூலையையும் பார்க்க வேண்டும் என்பதே அவ்வித்தையின் அடிப்படை. அன்று மாலையே அதனை வேறொருவர் எமக்குக் காட்டவிருந்தார்.

முடிச்சிட்ட நூல்

நாம் திரும்பியபோது எம் வானின் அருகில் மற்றுமொரு பழைய வான் வந்து நின்றது. எம்முடையதைப் போன்றதே, நிறம் மட்டும் வேறு. அதற்குரியவர் எண்பது வயதை அண்மிய ஒரு முதியவர். வண்டித் திருத்த வேலையிலேயே வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவராம். அண்ணர் தோளால் முட்டிக் கதவை அறைந்து மூடிய சத்தத்தைக் கேட்டதும் அவர் எழுந்து வந்தார்.

"நிலை கோணிவிட்டதாம்" என்றார் அண்ணர்.

"அளந்தவர் யார்?" என்று கேட்டார் முதியவர். எவரும் அளக்கவில்லை.

அவர் ஒரு நூற்பந்தைக் கொணர்ந்தார். கதவைத் திறந்து வைத்து, நிலையின் மேல் முன்மூலையிலிருந்து கீழ்ப் பின்மூலைக்கு நூலைப் பிடித்து ஒரு முடிச்சிட்டார். பின்பு மேல் பின்மூலையிலிருந்து கீழ் முன்மூலைக்குப் பிடித்து வேறொரு நூலில் முடிச்சிட்டார். அவ்விரு நூல்களையும் எடுத்துக்கொண்டு தம் வானுக்குச் சென்று, அதே மூலைகளில் வைத்துப் பார்த்தார். முடிச்சுகள் உரிய இடங்களில் வந்து நின்றன. "உங்கள் நிலை என் நிலையைப் போலவே இருக்கின்றது. கோணியது நிலையன்று" என்றார். பேத்தி இதனைத் தமிழில் சொன்னதும் பெரியம்மா சிரித்தார். "நான் அப்பவே சொன்னனான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

தள்ளுகதவு மூன்று இடங்களில் தாங்கப்படுகின்றது. முன்புற மேல்மூலையில் ஒரு சிறு சில்லு கூரையோரத் தவாளிப்பில் ஓடும். முன்புறக் கீழ்மூலையில் வேறொரு சில்லு படியின் கீழுள்ள தவாளிப்பில் ஓடும். பின்புறத்தில், கதவின் நடு உயரத்தில், ஒரு பிணைச்சற் கையும் அதன் நுனியிலுள்ள சில்லுகளும் வண்டியின் வெளிப்புறத்துத் தவாளிப்பில் ஓடும். கதவின் பாரத்தைக் கீழ்ச் சில்லும் பின் கையுமே சுமக்கின்றன. மேற்சில்லு சாயாமல் பிடிக்கின்றதேயன்றிச் சுமப்பதில்லை. கதவு மூடியதும் பின் தூணிலுள்ள கொளுவித் தகடு பூட்டின் நாக்கைப் பற்றிக்கொள்ளும்.

முதியவர் முதலிற் செய்தது எமக்கு விளங்காததாயிருந்தது. அக்கொளுவித் தகட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு, அதனைக் கழற்றி ஒரு பேணியில் வைத்துவிட்டார். "பூட்டு இருக்கும்வரை கதவு பொய் சொல்லும், பூட்டு அதனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். எடுத்துவிட்டால் கதவு தன் உண்மையான இடத்தில் நிற்கும்" என்று விளக்கினார். அப்படியே ஆயிற்று. தகடு நீங்கியதும் கதவின் பின்புறம் மேலும் தாழ்ந்தது. முன்னர் எவரோ ஒருவர், தாழ்ந்த கதவை உயர்த்தாமல், தகட்டைக் கீழே இறக்கிப் பூட்டு விழச் செய்திருந்தார். அன்றிலிருந்து அக்கதவு தன் சில்லுகளில் நிற்கவில்லை, பூட்டிலே தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணர் அஞ்சியது வீண் அச்சமன்று.

பின்னர் தவாளிப்புகளைத் துடைத்தார். பழைய கிறீசும் மணலும் சேர்ந்து களிபோல் இறுகிக் கிடந்தன. மணல் கலந்த கிறீஸ் அரத்துக்குச் சமமானது. கதவைப் பாதி திறந்து மேலுங் கீழும் அசைத்துப் பார்த்தபோது கீழ்ச் சில்லு தேய்ந்து ஒருபக்கம் தட்டையாயிருந்தது தெரிந்தது. தம் வானிலிருந்த பழைய பிஸ்கற் பேணியைத் துழாவி, அதே அளவான நல்ல சில்லு ஒன்றை எடுத்துப் பொருத்தினார். பின்புறக் கையின் திருகாணிகளும் தளர்ந்திருந்தன.

அதன் பின்னரே சீர்ப்படுத்தும் வேலை தொடங்கியது. முதலில் உயரம், அடுத்து உள்வெளி, கடைசியில் பூட்டு என்பதே அவர் கொண்ட ஒழுங்கு. வண்டியைச் சுற்றி இடுப்பில் ஒட்டியாணம் போல ஒரு மடிப்புக் கோடு ஓடுகின்றது. கதவிலுள்ள கோடும் உடலிலுள்ள கோடும் ஒரே நேராய் வரவேண்டும். முன்புற உயரத்தைக் கீழ்ச் சில்லின் தாங்கியைக் கொண்டும், பின்புற உயரத்தைப் பின் கையைக் கொண்டும் சரிசெய்தார். அண்ணர் ஒரு பலகையை நெம்புகோலாக்கிக் கதவைத் தாங்கினார். நாம் விளக்குப் பிடித்தோம். திருகாணிகளை முற்றாகக் கழற்றாமல், அசைக்கக் கூடிய அளவு மட்டும் தளர்த்தி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இறுக்கி, மூடிப் பார்த்து, மீண்டும் தளர்த்தினார்.

ஒரு மூலையைத் தொட்டால் எதிர்மூலை அசைந்தது. பின் கீழ்மூலையை உயர்த்தியபோது முன் மேல்மூலையின் இடைவெளி தானாகவே ஒடுங்கிற்று. எந்த மூலையில் நோவு தோன்றுகின்றதோ அந்த மூலையில் நோய் இருப்பதில்லை என்பதை அப்போது கண்டோம். கராஜுக்காரர் பார்த்தது மேல்மூலை இடைவெளியை மட்டுமே.

உயரம் சரியானபின் கதவின் முகத்தைப் பார்த்தார். மேற்சில்லின் தாங்கியை உட்புறமோ வெளிப்புறமோ நகர்த்தினால் மேல்முகம் அசையும். கீழ்த் தாங்கியை நகர்த்தினால் கீழ்முகம் அசையும். உள்ளங்கையை உடலிலிருந்து கதவுக்குத் தடவிப் பார்த்தார். முன்விளிம்பு உடலின் மட்டத்திலோ அதனிலும் ஒரு மயிரிழை உள்ளேயோ இருக்கலாம், வெளியே துருத்தலாகாது. துருத்தினால் எதிர்க்காற்று அதிற் பிடித்துச் சீழ்க்கையடிக்கும். எம்முடன் ஹனோவர் வரை பேசிய குரல் அதுவே.

கடைசியில் கொளுவித் தகட்டைத் தளர்வாய்ப் பொருத்தி, கதவை மெல்ல மூடி, நாக்குத் தானே தன் நடுவைத் தேடிக்கொள்ளவிட்டு, பின் இறுக்கினார். பென்சிற் கோட்டுக்கும் புதிய இடத்துக்குமிடையே ஒரு விரல் அகலம் வேறுபாடு இருந்தது. றப்பர் ஓரத்தைச் சோதிக்கப் பத்திரிகைத் தாளைக் கீலங்களாய்க் கிழித்து, கதவோரத்தைச் சுற்றி ஒவ்வோர் இடத்திலும் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். தாள் எங்கும் ஒரே இறுக்கத்துடன் வந்தால் றப்பர் எங்கும் பொருந்துகின்றது என்பது பொருள். கீழே ஓரிடத்தில் மட்டும் இலகுவாய் வந்தது. அங்கே றப்பர் பழுதாகி வெடித்திருந்தது. "அதனை வீட்டில் மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்.

மூன்று மணித்தியாலம் கழிந்திருந்தது. அவர் விலகி நின்று, அண்ணரை அழைக்காமல், பெரியம்மாவைக் கைகாட்டி அழைத்தார். பெரியம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்வந்து, ஒரு கையால் கதவைத் தள்ளினார். அது ஓடிச் சென்று, அறைச்சத்தம் ஏதுமின்றி, 'டக்' என்ற ஒலியுடன் பூட்டிக்கொண்டது. அவர் மறுபடியும் திறந்தார்; மறுபடியும் மூடினார். மூன்றாம் முறையும் செய்தார். அண்ணர் மறுபுறம் திரும்பி நின்று நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

முதியவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். பெரியம்மா அடுப்பை மூட்டி இடியப்பமும் சொதியும் ஆக்கினார். சொதியின் புளிப்பை வியந்து அவர் இரண்டு முறை வாங்கி உண்டார். "நூறு கிலோ மீற்றர் ஓடியபின் எல்லாத் திருகாணிகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்" என்பதே அவர் விடைபெறும்போது சொன்ன சொல்.

கோணிய நகரம்

மறுநாள் லூனபேர்க் நகருக்குச் சென்றோம். காற்றின் சீழ்க்கை இல்லாத வண்டியிலே பெரியம்மா கதவருகில் அமர்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

உப்பினால் எழுந்த நகர் அது. 956 ஆம் ஆண்டிலேயே அதன் உப்பளம் ஏடுகளில் குறிக்கப்பட்டுள்ளது. நிலத்தின் கீழிருந்து எடுத்த உப்புநீரைக் காய்ச்சி உப்பாக்கி, லூபெக் துறைமுகத்திற்கு அனுப்பினர். 1398 முதல் அதற்கெனக் கால்வாயும் இருந்தது. பால்டிக் கடலில் பிடித்த ஹெரிங் மீன் அவ்வுப்பினாலே பதமாகி ஐரோப்பா எங்கும் சென்றது. மாதகலிலும் மன்னாரிலும் கருவாடு போடுவோர் இதன் பெறுமதியை நன்கு உணர்வர். செங்கல்லால் எழுந்த மாடிவீடுகளின் படிமுறை முகப்புகள் அக்காலச் செல்வத்திற்குச் சான்று. இசை மேதை பாக் சிறுவனாயிருந்தபோது, 1700 முதல் இங்குள்ள புனித மிக்கேல் பாடசாலையிலே பயின்றார்.

ஆனால் உப்பு போன இடத்தில் வெறுமை தங்கிற்று. நிலம் மெல்ல மெல்ல இறங்கியது. உப்பளத்திற்கு அண்மையிலிருந்த புனித லம்பேர்ட் தேவாலயம் சிதைந்துபோக, 1860 - 61 இல் அதனை இடித்துவிட்டனர். 1980 இல் உப்பளமும் மூடப்பட்டது. அவ்விடத்தில் இன்று உப்பு நூதனசாலை இருக்கின்றது. நாம் பழைய தெருக்களில் நடந்தபோது சுவர்கள் வயிறு தள்ளி நிற்பதையும், யன்னல்கள் சாய்ந்திருப்பதையும், சாய்ந்த நிலைக்கேற்பக் கதவுப் பலகையைச் சரிவாய்ச் சீவிப் பொருத்தியிருப்பதையும் கண்டோம். புறொம்மஸ்ற்றாச என்னும் தெருவில் ஓர் இரும்புப் படலையின் இரண்டு சிறகுகளும், நிலம் நெருக்கியதால் ஒன்றன்மேலொன்று ஏறி நிற்கின்றன. இதனையே உண்மையாக நிலை கோணுவது என்பர். அங்கே எந்தச் சில்லை மாற்றினாலும் பயனில்லை.

அந்நகரிலே புனித யோவான் தேவாலயத்தின் கோபுரம் 108 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. அதுவும் உச்சியில் இரண்டு மீற்றருக்கு மேல் சாய்ந்துள்ளது. அதனைக் கட்டிய சிற்பி தன் பிழையைக் கண்டு மனமுடைந்து மேலேயிருந்து குதித்தான் என்றும், கீழே சென்ற வைக்கோல் வண்டியில் விழுந்து உயிர் தப்பினான் என்றும், அம்மகிழ்ச்சியில் மதுச்சாலையிலே அளவின்றிக் குடித்து வாங்கிலிலிருந்து விழுந்து இறந்தான் என்றும் ஊரார் ஒரு கதை சொல்வர். கோபுரம் சாய்ந்தபடியே நூற்றாண்டுகளாய் நிற்கின்றது. பெரியம்மா அதனை அண்ணாந்து பார்த்து, "பாவம், அவன் ஆரையேனும் கேட்டிருக்கலாம்" என்றார்.

எம் நாட்டு வாசகருக்கு

எம் நாட்டிலும் தள்ளுகதவு வான்கள் ஏராளம். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவனவும், திருமண வீட்டாரை ஏற்றுவனவும், கதிர்காமத்துக்கும் நல்லூருக்கும் அடியாரை ஏற்றுவனவும் பெரும்பாலும் அவையே. இவற்றின் அமைப்பு வண்டிக்கு வண்டி வேறுபடினும், மூன்றிடத்துத் தாங்கலும் ஒரு கொளுவியும் என்ற முறை பெரிதும் ஒன்றே. கதவு இறுகினால் அறைந்து மூடுவதும், சாரதியின் உதவியாளர் கையால் பிடித்துக்கொண்டு வருவதும் எம்மிடையே வழக்கமாகிவிட்டன. அது ஆபத்தான வழக்கம். கதவைப் பாதி திறந்து மேலுங் கீழும் அசைத்துப் பாருங்கள்; ஆட்டம் இருப்பின் சில்லைப் பாருங்கள். தவாளிப்பிலுள்ள மணலைத் துடைத்துவிட்டே எண்ணெய் இடுங்கள். திருத்துபவர் கொளுவித் தகட்டை மட்டும் நகர்த்திவிட்டு, "சரி" என்று சொன்னால், கதவு சில்லில் நிற்கின்றதா, பூட்டில் தொங்குகின்றதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். உள்ளே இருப்போர் எம் பிள்ளைகள்.

நாம் ஊர் திரும்பியபின் புரட்டாதியில் அண்ணர் கடிதம் எழுதினார். றப்பரை மாற்றிவிட்டாராம், வண்டி அரசாங்கச் சோதனையில் தேறிவிட்டதாம். விற்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வருகின்ற ஆனியிலே வடகடலைப் பார்க்க வேண்டுமென்று பெரியம்மா இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டதாக மட்டும் எழுதியிருந்தார்.